காய்ச்சல்காரரின் உடம்பில் கறுத்த பொருக்கைத் தேடுவது எப்படி

ஐப்பசி மழை ஓய்ந்து ஏரிக்கரைப் புல் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து நிற்கும் நாட்களில் எங்கள் பக்கத்தில் ஒரு காய்ச்சல் கிளம்பும். கார்த்திகை, மார்கழி முழுக்க இருக்கும். தை பிறந்த பிறகும் ஓரிரு வீடுகளில் மிச்சம் இருக்கும். மழைக்காலக் காய்ச்சல் என்றாலே இப்போது எல்லோர் வாயிலும் வருவது டெங்கு ஒன்றுதான். இரத்தம் எடுக்கிறார்கள், டெங்கு இல்லை என்று சீட்டு வருகிறது, குடும்பமே பெருமூச்சு விடுகிறது. நோயாளிக்கு மட்டும் காய்ச்சல் அப்படியே அடித்துக்கொண்டிருக்கிறது.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையடிவாரத்துக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் இன்னமும் நர்சம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். காய்ச்சல் வந்த வீட்டில் நான் முதலில் கேட்பது தெர்மாமீட்டர் கணக்கை அல்ல. “உடம்பு முழுக்கப் பார்த்தீர்களா?” என்றுதான் கேட்பேன். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மருத்துவர் பார்த்திருக்க மாட்டார், மனைவி பார்த்திருக்க மாட்டார், நோயாளியே பார்த்திருக்க மாட்டார். காசில்லாமல், கருவி இல்லாமல், வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது. எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். இதன் பெயர் ஸ்க்ரப் டைஃபஸ். செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். அதைப் படித்துவிட்டு, மாட்டிலும் நாயிலும் இருக்கிற உண்ணியைப் பிடுங்கிப் போட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த உண்ணிக்கும் இந்தக் காய்ச்சலுக்கும் சம்பந்தம் இல்லை. இதைப் பரப்புவது மண்ணிலும் புதரிலும் வாழும் ஒரு சிற்றுயிரின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட இருக்காது; கண்ணுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது வளர்ந்து பெரிதான பிறகு யாரையும் கடிப்பதில்லை, மண்ணுக்குள்ளேயே காலம் தள்ளுகிறது. குஞ்சாக இருக்கும்போது மட்டும் ஒரு தடவை ஓர் உயிரின் உடம்பில் ஒட்டித் தோலின் சாற்றைக் குடித்தாக வேண்டும். வழக்கமாக அது ஒட்டுவது வயல் எலி, பெருச்சாளி, மூஞ்சூறு இவற்றின் மேல்தான். எலி நடமாடும் புல்லில் நாம் போய் உட்கார்ந்தால் நம் மேலும் ஏறிக்கொள்ளும். அதன் எச்சிலில் ஓரியென்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா இருந்தால், ஆறிலிருந்து இருபத்தொரு நாட்களுக்குள், பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாட்களில், நமக்குக் காய்ச்சல் தொடங்கும்.

எலியைக் கொன்றுவிட்டால் நோய் போய்விடும் என்று ஒரு பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒருவர் அடித்துப் பேசினார். அப்படிப் போகாது. அந்தப் பாக்டீரியா தாயிடமிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கே போகிறது. எலி செத்தாலும் மண்ணில் அது இருக்கும். எலி குறைவது நல்லதுதான், அதோடு புதரும் குறைய வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் சண்டையிட்ட படைகளை இந்தக் காய்ச்சல் படாத பாடு படுத்தியது. பிறகு நம் பக்கத்து மருத்துவர்கள் இதை ஏறக்குறைய மறந்தே போனார்கள். 2001, 2002 குளிர்காலத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் காரணம் தெரியாத காய்ச்சல்களைத் துருவிப் பார்த்தபோது இது மறுபடி தலைகாட்டியது தெரிந்தது. அதற்குப் பிறகு தேடத் தேடக் கிடைக்கிறது. தமிழகத்தின் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2025இல் வெளிவந்தது. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கொண்டுபோகும் காய்ச்சல்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது அதில் தெரிந்தது. எங்கோ காட்டுக்குள் இருக்கும் அபூர்வ நோய் இல்லை, வரப்பிலேயே இருக்கிறது.

சிகிச்சை இல்லாமல் விட்டால் நூறு பேரில் ஆறு பேர் வரை இறந்துபோகிறார்கள், சில இடங்களில் இன்னும் அதிகம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இதைக் குணமாக்கும் மாத்திரையோ எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கக்கூடிய, விலை மலிவான மாத்திரை. இந்த இரண்டையும் சேர்த்து நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

தேடும் முறை

அந்தக் குஞ்சு கடித்த இடத்தில், காய்ச்சல் தொடங்கும்போதே பெரும்பாலும், ஒரு புண் இருக்கும். நடுவில் கறுத்துக் காய்ந்த பொருக்கு, அதைச் சுற்றிச் சிவந்த வளையம். அளவு அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை. பார்த்தால் பீடி நெருப்பால் சுட்டது மாதிரி இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால்தான் நோயாளிக்கே தெரிவதில்லை. “எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை” என்று அவர் சத்தியம் செய்தாலும் நம்பாமல் பாருங்கள். பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையாகவே தெரியாது.

பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. இரவென்றால் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்க வேண்டும். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். பெண்களை வீட்டுப் பெண்களே பார்க்கட்டும், ஆண்களை மனைவியோ அண்ணன் தம்பியோ பார்க்கலாம். துணியை ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தால் தப்பிவிடும். துணியைக் களைந்து, போர்வையைப் போர்த்திவிட்டு, பகுதி பகுதியாக விலக்கிப் பார்ப்பதுதான் சரி. நோயாளிக்குக் குளிரும், வெட்கமாகவும் இருக்கும். போர்வை இரண்டுக்கும் உதவும்.

மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் தலைமுடியைப் பிரித்து உச்சந்தலை. காதுக்குப் பின்னால், காது மடலைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கழுத்து மடிப்பு. கையை உயர்த்தச் சொல்லி அக்குள், முடி இருந்தால் அதையும் ஒதுக்கிப் பார்க்க வேண்டும். பெண்களுக்கு மார்பகத்தைத் தூக்கி அதன் அடிமடிப்பு. தொப்புளுக்குள். அதற்குக் கீழேதான் முக்கியமான இடம். பாவாடை நாடா இறுகும் இடம், அரைஞாண் கயிறு ஓடும் இடம், உள்ளாடை எலாஸ்டிக் பதியும் இடம். அந்தக் குஞ்சு மேலே ஏறிக்கொண்டே வந்து துணி இறுக்கிப் பிடித்திருக்கும் இடத்தில் தங்கிவிடும். தோல் மெல்லியதாகவும் ஈரமாகவும் இருக்கும் மடிப்பென்றால் அதற்கு இன்னும் வசதி. அடுத்து தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, பிட்டத்தின் பிளவு, முழங்காலின் பின்மடிப்பு, கணுக்கால், விரல் இடுக்கு. கடைசியில் குப்புறப் படுக்கவைத்து முதுகு முழுக்க.

தொடை இடுக்கிலும் விதைப்பையிலும் அக்குளிலும் வியர்வை ஊறுவதால் பொருக்கு காயாமல் இருக்கலாம். அங்கே கறுப்பைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். மேல்தோல் உரிந்து மஞ்சள் கலந்த வெளுப்பாய், ஆழமில்லாத ஒரு சிறு வட்டப் புண்ணாகத் தெரியும். குழந்தைகளுக்கு உச்சந்தலையையும் காதுக்குப் பின்புறத்தையும் இடுப்புக்குக் கீழேயும் இரண்டு தடவை பாருங்கள். இடுப்பில் தூக்கிக்கொண்டே திரிகிற குழந்தைதானே, அதற்கு எங்கே புதர் என்று கேட்காதீர்கள். அம்மா புல் அறுக்கும்போது அந்தக் குழந்தை வரப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு குறுக்குவழி உண்டு. கடித்த இடத்துக்கு அருகில் நெறி கட்டும். தொடை இடுக்கில் ஒரு பக்கம் மட்டும் நெறி கட்டி, தொட்டால் வலிக்கிறது என்றால் அந்தப் பக்கத்துக் காலையும் பிறப்புறுப்பையும் பிட்டத்தையும் மறுபடி அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். அக்குளில் நெறி என்றால் அந்தப் பக்கத்துக் கை, மார்பு, முதுகின் மேல்பாதி. காதுக்குக் கீழே என்றால் தலையும் காது மடிப்பும். முதல் தடவை கண்ணில் படாதது, நெறியைப் பிடித்துக்கொண்டு போனால் கிடைத்துவிடும்.

நான் பார்த்த ஒரு பாட்டி, எழுபது வயதுக்கு மேல், காய்ச்சலில் முனகிக்கொண்டே என்னோடு சண்டை போட்டார். “காய்ச்சல் தலையில் அடிக்கிறது, நீ எதற்கடி புடவையை அவிழ்க்கச் சொல்கிறாய்?” என்றார். மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டாள். பாட்டியின் இடுப்பில் பாவாடை நாடா பல வருடங்களாக இறுகி ஒரு தடமே விழுந்திருந்தது. அந்தத் தடத்துக்குள், பின்பக்கம் முதுகுத்தண்டுக்குச் சற்று இடப்புறமாக இருந்தது பொருக்கு. நாடாவை நகர்த்தாமல் யார் பார்த்திருந்தாலும் கிடைத்திருக்காது. “முள் குத்தியிருக்கும்” என்றார். முள் குத்திய புண் தொட்டால் வலிக்கும். இது அழுத்தினாலும் வலிக்கவில்லை.

பொருக்கைப் பிய்க்காதீர்கள். மஞ்சள், சுண்ணாம்பு, பற்பசை எதையும் வைக்காதீர்கள். மருத்துவர் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். சில மருத்துவமனைகளில் அந்தப் பொருக்கையே எடுத்துப் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்புவார்கள். மறைவான இடத்தில் இருந்து, காட்டக் கூச்சமாக இருந்தால், நோயாளியின் சம்மதத்தோடு அவர் போனிலேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் காட்டியதும் அழித்துவிடலாம். வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கான படம் இல்லை அது. சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் போட்டிருக்கிறார்கள்.

பொருக்கு கிடைக்கவில்லை என்றால் இந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது. ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் கண்ணில் படும். கிடைத்தால் வழி சுலபமாகிறது. கிடைக்காவிட்டால் அடுத்துச் சொல்லப்போவது இன்னும் முக்கியம்.

மருத்துவரிடம் என்ன சொல்வது

கூட்டமான புறநோயாளிப் பிரிவில் ஒரு மருத்துவருக்கு உங்களுக்கென்று கிடைப்பது இரண்டு நிமிடம். “காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி” என்று சொன்னால் அது நூறு நோய்க்குப் பொருந்தும். ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். காய்ச்சல் தொடங்கிய தேதி. கடந்த மூன்று வாரத்தில் எங்கே வேலை செய்தீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள்: நூறு நாள் வேலையில் ஏரிக்கரை சுத்தம் செய்தது, கரும்புத் தோகை உரித்தது, ஆடு மேய்த்தது, சுள்ளி பொறுக்கியது, வெளிக்குப் போக ஒதுங்கியது, மலையேறியது. டவுனில் இருப்பவர்கள் என்றால் காலி மனையில் மண்டிய புதர், பிள்ளைகள் பந்து பொறுக்கிய இடம். ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரைகள், அட்டையையே கொண்டுபோங்கள். கர்ப்பம் இருந்தால் அது. மருந்து ஒவ்வாமை இருந்தால் அது. பொருக்கு இருந்தால் எந்த இடத்தில் என்று.

பிறகு நேராகக் கேளுங்கள்: “டாக்டர், இது ஸ்க்ரப் டைஃபஸாக இருக்குமா?” மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று பயப்படுகிறார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் நல்ல மருத்துவர் எவரும் இந்தக் கேள்விக்குக் கோபித்து நான் பார்க்கவில்லை. சிலர் உடனே சட்டையைத் தூக்கச் சொல்வார்கள்.

சோதனையைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஐ.ஜி.எம். எலைசா என்ற இரத்தச் சோதனையைத்தான் இப்போது அதிகம் செய்கிறார்கள். காய்ச்சல் தொடங்கி முதல் நான்கைந்து நாட்களுக்குள் செய்தால், நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். உடம்பு எதிர்ப்புப் பொருளை உண்டாக்க நேரம் எடுக்கிறது. வெயில்–ஃபெலிக்ஸ் என்ற பழைய சோதனையைச் சில இடங்களில் இன்னும் செய்கிறார்கள். அது கோட்டைவிடுவது அதிகம். அதனால் சீட்டில் ‘நெகட்டிவ்’ என்று இருப்பதை மட்டும் பார்த்து வீட்டுக்குப் போய்விட வேண்டாம். காய்ச்சல் தொடர்ந்தால் மறுபடி போக வேண்டும். அறிகுறிகள் பொருந்தினால் முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் மாத்திரையைத் தொடங்கிவிடுவதும் உண்டு, அதுதான் சரி.

டெங்குவோடு குழம்புவதற்கு ஒரு காரணம் தட்டணுக்கள், அதாவது இரத்தத்தில் உள்ள பிளேட்லெட். இரண்டிலும் குறையும். கரும்பு வெட்டுகிற ஒரு இளைஞனுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல். டவுனில் ஒரு கிளினிக்கில் தினமும் குளுக்கோஸ் ஏற்றி ஊசி போட்டார்கள். டெங்கு சோதனை இரண்டு தடவை செய்து இரண்டு தடவையும் இல்லை என்று வந்தது. தட்டணு 80,000க்கு இறங்கியதும் பப்பாளி இலைச் சாறு, கிவிப் பழம் என்று வீடே அல்லோலகல்லோலப்பட்டது. நகையை அடகு வைத்துச் சென்னைக்குக் கொண்டுபோக வண்டி பேசிவிட்டார்கள். அவன் அம்மா என்னைக் கூப்பிட்டார். லுங்கியை முழங்கால் வரை ஏற்றிக் குப்புறப் படுக்கச் சொன்னேன். இடது முழங்காலின் பின்மடிப்பில் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நெஞ்சிலும் வயிற்றிலும் கைவைத்துச் சோதித்து, மாத்திரை எழுதினார். மூன்றாம் நாள் அந்தப் பையன் சோறு கேட்டான். வண்டிக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை, அது வேறு கதை.

மாத்திரை

டாக்ஸிசைக்ளின். பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மில்லிகிராம், காலையும் இரவும், ஏழு நாள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். குழந்தைகளுக்கு எது, எவ்வளவு என்பதை எடை பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். இதை இங்கே எழுதுவது நீங்களே மருந்துக் கடைக்குப் போய் வாங்குவதற்காக அல்ல. டைபாய்டு, மலேரியா, டெங்கு எல்லாம் இதே வேடத்தில் வரும். எழுதுவதற்குக் காரணம், மருத்துவர் இந்தச் சாதாரண மாத்திரையை எழுதிக் கொடுக்கும்போது “இவ்வளவுதானா, ஊசி இல்லையா?” என்று நீங்கள் முகம் சுளிக்கக் கூடாது என்பதற்காக. விலை அதிகமான, தினமும் நரம்பில் ஏற்றுகிற செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற ஊசிகள் இந்தப் பாக்டீரியாவை ஒன்றும் செய்வதில்லை. அது நம் உயிரணுவுக்குள்ளேயே புகுந்துகொண்டு வாழ்கிறது. அந்த ஊசி தாக்குகிற மாதிரியான சுவரும் அதற்கு இல்லை. வலி நிவாரண ஊசியும் வேண்டாம். டெங்குவாக இருந்துவிட்டால் இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்.

டாக்ஸிசைக்ளினைச் சாப்பிடும் விதம் இருக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பிட்ட பிறகு போடுங்கள். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து விழுங்க வேண்டும். விழுங்கிவிட்டு அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். இரவு மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டால், அது உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். பிறகு எச்சில் விழுங்கவே உயிர் போகும். வயிற்றெரிச்சலுக்கான ஜெல், இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, பால் இவற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரை சாப்பிடும் நாட்களில் வெயிலில் நின்றால் தோல் சீக்கிரம் கருகும்.

சரியான நோய்க்குச் சரியான மாத்திரை என்றால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிட்டு மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு. அதைச் செய்யாதீர்கள். இரண்டு நாளாகியும் இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். நோய் வேறாக இருக்கலாம்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திராமல் 108ஐக் கூப்பிடுங்கள்: மூச்சு வாங்குதல், பேச்சு குழறுதல், ஆள் அடையாளம் தெரியாமல் உளறுதல், எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கழுத்து விறைப்பு, சிறுநீர் குறைந்துபோதல், கண் மஞ்சளாதல், நிற்காத வாந்தி, எங்கிருந்தாவது இரத்தம் கசிதல். முதல் வாரம் சும்மா இருந்துவிட்டு இரண்டாவது வாரத்தில் நுரையீரல், மூளை, சிறுநீரகம், இதயம் என்று இந்த நோய் இறங்கும். அந்த நிலையில் மாத்திரை போதாது. டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பலன் அதிகம் என்று இந்திய மருத்துவமனைகளில் கிட்டத்தட்ட 800 நோயாளிகளை வைத்துச் செய்து, 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. அதெல்லாம் பெரிய மருத்துவமனை வேலை. அங்கே போகிற நிலைமை வராமல் பார்ப்பதுதான் வீட்டு வேலை.

புதருக்குப் போகாமல் பிழைக்க முடியாது

“புதர் உள்ள இடங்களுக்குச் செல்வதைத் தவிர்க்கவும்” என்று ஒரு துண்டறிக்கையில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அதை வீடு வீடாகக் கொடுக்க எனக்கே கூச்சமாக இருந்தது. மாட்டுக்குப் புல்லை யார் கொண்டுவந்து போடுவார்கள்? அதனால் போகிறவர்கள் என்ன செய்யலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் புடவைக்கு மேலே கணவரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்கள். வெயிலுக்காகச் செய்வது, இதற்கும் உதவும். அதோடு உள்ளே ஒரு பழைய பேன்ட்டைப் போட்டு, கால் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டால் இன்னும் நல்லது. முதலில் சிரிப்பார்கள், இரண்டு பேர் போட ஆரம்பித்தால் சிரிப்பு நின்றுவிடும். சோறு சாப்பிடவும் இளைப்பாறவும் புல்லில் நேராக உட்காராதீர்கள், படுக்காதீர்கள். ஒரு தார்ப்பாயோ உரச்சாக்கோ விரித்துக்கொள்ளுங்கள். குழந்தையைக் கொண்டுபோனால் அதன் மேலேயே உட்காரவையுங்கள். டீட் கலந்த பூச்சி விரட்டி மருந்துக் கடையில் கிடைக்கும். காசு இருந்தால் கணுக்காலிலும் இடுப்பிலும் பூசலாம். குழந்தைகளுக்கு என்றால் அதில் எழுதியிருக்கும் வயதைப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வீடு திரும்பியதும் செய்வது. வேலைத் துணியோடு பாயில் சாயாதீர்கள். துணியை வெளியிலேயே களைந்து வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவையுங்கள். உடனே குளியுங்கள். சோப்பும் ஒரு கரடுமுரடான துணியும் போதும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு எல்லாம் நன்றாகத் தேய்க்க வேண்டும். அந்தக் குஞ்சு ஏறியவுடன் கடிப்பதில்லை, தோதான இடம் தேடி அலையும். அலையும்போதே தேய்த்துக் கழுவிவிட்டால் அதோடு முடிந்தது. இரவு அடுப்பு வேலை முடிந்துதான் குளிப்பேன் என்கிற அக்காமார்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். அடுப்பு ஒரு கால் மணி காத்திருக்கும்.

துவைத்த துணியை வேலியிலும் செடியிலும் புல்தரையிலும் காயப் போடாதீர்கள், கொடி கட்டுங்கள். விறகை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கினால் எலிக்கு வாடகையில்லா வீடு கிடைக்கும். சற்றுத் தள்ளி, கல் வைத்து உயரமாக அடுக்குங்கள். நாய்க்கு வைத்த சோற்றின் மிச்சத்தை இரவில் வாசலில் விடாதீர்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தீனியமும் புல்லும் மண்டாமல், மண்ணில் வெயில் படும்படி வெட்டிவிடுங்கள். வெட்டுகிறவரும் முன்சொன்னபடி குளிக்க வேண்டும்.

இதே பருவத்தில் எலிக்காய்ச்சலும் வரும், அது வேறு நோய். எலி, மாடு இவற்றின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீரில், காலில் வெடிப்போ காயமோ இருக்கும்போது இறங்கினால் வருவது. கண் சிவக்கும், கெண்டைக்கால் தொட முடியாமல் வலிக்கும், முற்றினால் மஞ்சள் காமாலை. நடவுக்கும் சேறடிக்கும் வேலைக்கும் போனவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆரம்பத்தில் அதற்கும் டாக்ஸிசைக்ளின் கேட்கும் என்பது மருத்துவர்களுக்கு ஒரு வசதி.

உண்ணிக் காய்ச்சல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. நோயாளியைத் தனியாக வைக்க வேண்டியதில்லை, தட்டு டம்ளரை ஒதுக்க வேண்டியதில்லை. தடுப்பூசி கிடையாது. ஒரு தடவை வந்துவிட்டது, இனி வராது என்றும் இல்லை. பாக்டீரியாவில் பல வகை இருப்பதாலும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி நீண்ட நாள் நிற்காததாலும் மறுபடி வரலாம். குணமான பிறகும் சில வாரங்களுக்கு அசதி இருக்கும். உடனே கதிர் அறுக்கப் போகச் சொல்லி விரட்டாதீர்கள்.

வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் உறுதியானால் உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். கூடவே அவரோடு வேலை செய்தவர்களின் பெயர்களை எழுதுங்கள்: அதே ஏரிக்கரையில் யார் யார் இருந்தார்கள், அதே வரப்பில் யார் புல் அறுத்தார்கள், எந்தப் பிள்ளைகள் அங்கே விளையாடினார்கள். அவர்களில் யாருக்காவது காய்ச்சல் இருந்தால் மாலைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பார்த்துவிடுங்கள். காய்ச்சல் இல்லாதவர்களிடம் அடுத்த மூன்று வாரத்துக்கு, காய்ச்சல் அடித்தால் முதல் நாளே சொல்லும்படி சொல்லிவைக்க வேண்டும். அந்தப் பட்டியலின் ஒரு பிரதியைப் பஞ்சாயத்துச் செயலாளரிடம் கொடுத்தால், எந்தப் புதரை முதலில் வெட்டுவது என்பது அவருக்கும் தெரிந்துவிடும்.